கறிவேப்பிலை: பெயரும் பொருளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாளிக்கும்போது முதலில் கைக்கு வரும் இலை இது. ஆனால் இதன் பெயரை எழுதச் சொன்னால் சிலர் ஒரு மாதிரியும் மற்றவர்கள் வேறு மாதிரியும் எழுதுகிறார்கள். எழுத்து மாறினால் பொருளும் மாறுகிறது. அங்கிருந்துதான் எல்லாச் சந்தேகங்களும் கிளம்புகின்றன. திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். முதலிலிருந்து படித்தால் பின்னால் வரும் சிக்கலான கேள்விகள் எளிதாக விளங்கும்.

கறிவேப்பிலைன்னா என்ன அர்த்தம்? சொல்லைப் பிரிச்சுச் சொல்லுங்க.

கறி + வேம்பு + இலை. கறிக்கு உதவும் வேப்பிலை என்று பொருள். 'கறிக்கு' என்பதில் உள்ள நான்காம் வேற்றுமை உருபும், 'உதவும்' என்ற சொல்லும் மறைந்து நிற்கின்றன. இலக்கணத்தில் இதை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்பார்கள். 'குழந்தைப் பால்' என்றால் குழந்தைக்கு ஊட்டும் பால் என்று நாம் புரிந்துகொள்வது போலத்தான்.

வேப்பிலை போன்ற இலை, ஆனால் சமையலுக்கு ஆவது என்பதே பெயர் சொல்லும் செய்தி. பார்த்த உருவமும் பயன்பட்ட விதமும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன.

வேம்பு + இலை எப்படி வேப்பிலை ஆச்சு? நடுவுல இருந்த 'ம்' எங்கே போச்சு?

'வேம்பு' மென்தொடர்க் குற்றியலுகரம். அதாவது மெல்லின மெய்யை அடுத்து வரும் குற்றியலுகரச் சொல். இத்தகைய சொற்களில் சில, வேறொரு சொல்லோடு வேற்றுமைப் பொருளில் சேரும்போது, அந்த மெல்லினம் தன் இனமான வல்லினமாக மாறும் என்று நன்னூல் விதிக்கிறது. ம் மாறிப் ப் ஆகும். வேம்பு, வேப்பு என்றாகி, ஈற்று உகரம் கெட்டு, இலை வந்து ஏற வேப்பிலை.

இரும்பு + பாதை = இருப்புப்பாதை, மருந்து + பை = மருத்துப்பை என்பவையும் இதே வழியில் அமைந்தவை. வேப்பம்பூ, வேப்பெண்ணெய் எல்லாவற்றிலும் இந்தப் 'ப்ப்'தான் இருக்கிறது. ஆகவே 'கறிவேபிலை' என்று ஒற்றை விட்டு எழுதுவது வெறும் கைப்பிழை அன்று. வேம்பு இருந்த தடமே அதில் அழிந்துபோகிறது.

எங்க வீட்டில் கறின்னா ஆட்டுக்கறிதான். ரசத்துக்குப் போடுற இலைக்கு ஏன் 'கறி'?

கறி என்ற சொல் இறைச்சிக்கு மட்டும் உரியதாக ஒருபோதும் இருந்ததில்லை. 'காய்கறி' என்று தினமும் சொல்கிறோம். இலங்கைத் தமிழர் காய்களை 'மரக்கறி' என்கிறார்கள். பருப்புக் கறி, மீன்கறி, கத்தரிக்காய்க் கறி எல்லாம் அங்கே ஒரே வரிசை. தமிழ்நாட்டிலேயே பல சைவ வீடுகளில் பொரியலின் பெயர் கறி: வாழைக்காய்க் கறி, உருளைக்கிழங்குக் கறி. 'இன்னிக்குக் கறி எடுத்தாச்சா?' என்று கேட்டால் இறைச்சி என்று புரிவது இன்றைய பேச்சில் சொல் குறுகிப்போனதால்.

சோற்றோடு சேர்த்து உண்ணும் தொடுகறி என்பதே கறிவேப்பிலையில் உள்ள 'கறி'க்குப் பொருத்தமான பொருள். இன்னும் பழைய பொருள்களும் உண்டு. கறித்தல் என்றால் பல்லால் கடித்துத் தின்னுதல். ஆடு தழையைக் கறிக்கிறது என்கிறோம். சங்க நூல்களில் கறி என்றால் மிளகு. அந்த மிளகைப் பற்றித் தனியே ஒரு கேள்வி கீழே வருகிறது.

கசக்கவே இல்லையே, அப்புறம் என்ன வேப்பிலை? ரெண்டும் சொந்தமா?

சொந்தம் இல்லை. வேம்பு மலைவேம்பு, மகோகனி ஆகியவற்றின் குடும்பம். கறிவேப்பிலை எலுமிச்சை, நாரத்தை, வில்வம், விளா ஆகியவற்றின் குடும்பம். ஒரு கறிவேப்பிலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியது போல நுண்ணிய ஒளிப்புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். எலுமிச்சை இலையிலும் இதே புள்ளிகள் உண்டு. கசக்கினால் மணம் எழுவது அவை உடைவதால். வேப்பிலையில் இந்தப் புள்ளிகளைப் பார்க்க முடியாது.

பிறகு ஏன் அந்தப் பெயர்? தோற்றத்தால். இரண்டிலும் ஒரு நடுக்காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் வரிசையாக நிற்கின்றன. சிற்றிலையின் அடி ஒருபக்கம் சற்றுக் கோணலாக இருக்கிறது. உற்றுப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். வேப்பிலையின் ஓரம் அரம் போலப் பல்பல்லாகவும் இலை அரிவாள் போல வளைந்தும் இருக்கும். கறிவேப்பிலையின் ஓரத்தில் அந்த அரப்பல் இருக்காது; சிற்றிலைகள் பெரும்பாலும் மாறி மாறி அமைந்து, நுனியில் ஒற்றை இலையோடு முடியும்.

தமிழில் வேம்பு என்பது ஒரு மரத்தின் பெயராகவும், அதை நினைவூட்டும் பலவற்றுக்குப் பொதுப்பெயராகவும் இருக்கிறது. தரையோடு வளரும் கடுங்கசப்புச் செடி நிலவேம்பு. சிவனார்வேம்பு அவுரியின் இனம். சர்க்கரை வேம்பு என்று இனிக்கும் செடி ஒன்றும் உண்டு. இவை மூன்றும் மூன்று வெவ்வேறு குடும்பங்கள், எதுவும் வேம்பின் குடும்பம் இல்லை. செடிகளுக்குப் பேர் வைத்தவர்கள் பூவை அறுத்துப் பார்த்து வைக்கவில்லை. இலையையும் சுவையையும் பார்த்து, தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டு, முன்னால் ஓர் அடைமொழி சேர்த்தார்கள். அந்த அடைமொழிதான் வேறுபாட்டைச் சொல்லும் பகுதி. நம் செடியில் அது 'கறி'.

கறிவேப்பிலையா, கருவேப்பிலையா? எது சரி?

எழுத்தில் கறிவேப்பிலை என்றே எழுதுங்கள். வல்லின றகரம், இகரம். முதல் கேள்வியில் சொன்ன பொருள் தெளிவாகக் கிடைப்பது இந்த வடிவில்தான்; பாடநூல்களும் பொதுவான அச்சு வழக்கும் இதையே பின்பற்றுகின்றன.

'கருவேப்பிலை'யை முழுப் பிழை என்று தள்ளிவிடவும் முடியாது. கருவேம்பு என்ற பெயர் இந்த மரத்துக்கு அகராதிகளிலும் மருத்துவ வழக்கிலும் உண்டு; கரிய வேம்பு என்பது அதன் பொருள். அதை அறிந்தே எழுதுபவர் கருவேப்பிலை என்று எழுதினால் அது வேறொரு பெயர். ஆனால் கடைப் பலகையிலும் சமையல் குறிப்பிலும் வரும் 'கருவேப்பிலை' பெரும்பாலும் பேச்சை அப்படியே எழுத்தாக்கியது. 'கரிவேப்பிலை' என்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: கரி என்றால் அடுப்புக்கரி, யானை, இந்த இலைக்கு இரண்டும் பொருந்தாது.

பேசும்போது எல்லாரும் 'கருவேப்பில'ன்னுதானே சொல்றோம்? ஏன் அப்படி மாறுது?

இரண்டு மாற்றங்கள் ஒன்றாக நடக்கின்றன. தமிழ்நாட்டின் பெரும்பகுதிப் பேச்சில் ர, ற வேறுபாடு தேய்ந்துவிட்டது. அரையும் அறையும் காதில் ஒன்றுபோலவே விழுகின்றன. குமரி மாவட்டத்துப் பேச்சில் இந்த வேறுபாடு இன்னும் கேட்கும். அதனால் அந்தப் பக்கத்தவர்கள் இந்தச் சொல்லில் தடுமாறுவது குறைவு.

அடுத்தது இகரம் உகரமாவது. பின்னால் வரும் 'வே' உதட்டைக் கொண்டு ஒலிப்பது. அதற்கு ஆயத்தமாக உதடு முன்கூட்டியே குவிந்தால் 'றி' என்பது 'று' போல ஆகிவிடுகிறது. உதட்டொலிக்குப் பக்கத்தில் இகரம் உகரமாவது பேச்சுத் தமிழில் புதிதன்று: பிள்ளை புள்ள ஆகிறது, வீடு சில ஊர்களில் வூடு ஆகிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் கறிவே, கருவே. 'கருகப்பிலை', 'கறியாப்பில' என்ற வடிவங்களும் ஊருக்கு ஊர் உண்டு. பேச்சில் இவை எல்லாம் இயல்பானவை; யாரையும் திருத்த வேண்டியதில்லை.

முடியைக் கருப்பாக்குவதால்தான் 'கரு'வேப்பிலை என்று படித்தேன். உண்மையா?

இல்லை. எழுத்து மாறிய பிறகு, மாறிய எழுத்துக்குப் பொருள் தேடிப் பின்னால் கட்டிய விளக்கம் இது. 'கருவுற்ற பெண்களுக்கு நல்லது, அதனால் கரு' என்பதும் அதே வகை. இலையில் சத்து இருக்கிறதா என்பது வேறு கேள்வி, பெயர் எப்படி வந்தது என்பது வேறு கேள்வி. முதலாவதை வைத்து இரண்டாவதை முடிவுசெய்யக் கூடாது.

கருவேம்பில் உள்ள 'கரு' நிறம்தான். இந்த மரத்தில் கரிய நிறத்துக்குக் குறைவில்லை: பட்டை கருமை கலந்த பழுப்பு, இலை வேப்பிலையைவிட அடர்ந்த பச்சை, காய் பச்சையிலிருந்து சிவந்து, பழுத்தால் பளபளக்கும் கருநிறம். வேம்பின் பழமோ மஞ்சள். பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒன்றைக் கரிய வேம்பு என்று அழைக்கத் தோன்றுவது இயல்பு.

ஒரு இணுக்கு, ஒரு ஆர்க்கு, ஒரு கொத்து: சமையல் குறிப்பில் வரும் இவை எல்லாம் ஒன்றா?

இணுக்கும் ஆர்க்கும் ஒன்றே. ஒரு காம்பும் அதன் இருபுறமும் உள்ள இலைகளும் சேர்ந்தது. இணுங்குதல் என்றால் தழையை ஒடித்தெடுத்தல். அப்படி ஒடித்தது இணுக்கு. ஆர்க்கு என்பது இலைக்காம்பைக் குறிக்கும் சொல். இலைகளை உருவிய பின் கையில் மிஞ்சும் நடுக்காம்பு ஈர்க்கு. வீட்டு வைத்தியத்தில் 'கறிவேப்பிலை ஈர்க்கு' கேட்டால் இலையைக் கொடுத்துவிடாதீர்கள். கொத்து என்பது கிளை நுனியோடு ஒடித்த பல இணுக்குகள். குறிப்பில் 'ஒரு கொத்து' என்றால் பெரும்பாலும் ஓர் இணுக்கைத்தான் சொல்கிறார்கள். சந்தேகம் வந்தால் நாலு பேருக்கான குழம்புக்கு ஓர் இணுக்கு போதும்.

தாவரவியல் கணக்கு இன்னும் வியப்பானது. நாம் ஓர் இணுக்கு என்பது அதன்படி ஒரே ஓர் இலை, கூட்டிலை. நாம் இலை என்று எண்ணுவது சிற்றிலை. ஓர் இணுக்கில் பதினொன்று முதல் இருபதுக்கு மேலும் சிற்றிலைகள் இருக்கும். எனவே 'பத்து கறிவேப்பிலை' என்று எழுதும் சமையல் குறிப்பு, தாவரவியலார் கையில் பத்து இணுக்காகிவிடும்.

'கறிவேப்பிலைக் கொத்து மாதிரி ஒரே பிள்ளை' என்று சொல்வதும், காரியம் முடிந்ததும் ஒதுக்கப்பட்டவர் 'கறிவேப்பிலை மாதிரித் தூக்கிப் போட்டுட்டாங்க' என்று நொந்துகொள்வதும் ஒரே இலையைப் பற்றியவை. அருமையும் அலட்சியமும் இரண்டுமே இதற்கு வாய்த்திருக்கின்றன. காய்கறி வாங்கினால் கொசுறாகக் கிடைத்த இலை என்பது இரண்டாவது வழக்குக்கு நன்றாகவே பொருந்துகிறது.

'கறிவேப்பிலை பொடி'யா, 'கறிவேப்பிலைப் பொடி'யா? ஒற்று எங்கே வரும்?

கறிவேப்பிலைப் பொடி, கறிவேப்பிலைத் துவையல், கறிவேப்பிலைக் குழம்பு, கறிவேப்பிலைச் செடி. ஐகாரத்தில் முடியும் பெயரோடு க, ச, த, ப-வில் தொடங்கும் சொல் வேற்றுமைத் தொகையாகச் சேரும்போது ஒற்று மிகும். கறிவேப்பிலை மரம், கறிவேப்பிலை வாசம் என்பவற்றில் மிகாது. ம, வ வல்லினம் இல்லை.

கறிக்கும் வேப்பிலைக்கும் இடையில் ஒற்று வராததும் இதனால்தான். கறிக்குழம்பில் க் வருகிறது, கறிவேப்பிலையில் வருவதில்லை.

சங்க இலக்கியத்தில் கறிவேப்பிலை இருக்கிறதா?

இலை இருக்கிறது, இந்தப் பெயர் இல்லை. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாணனுக்கு வழியில் கிடைக்கப்போகும் உணவுகளைச் சொல்லிக்கொண்டே போகிறார். அந்தணர் இல்லத்தில் என்ன கிடைக்கும் என்று சொல்லும் இடத்தில் மாதுளையின் பசுங்காய் வருகிறது. மோரிலிருந்து எடுத்த வெண்ணெயில் அதன் பிளவுகள் வெந்து, 'கறி கலந்து, கஞ்சக நறுமுறி அளைஇ' வருகின்றன. கறி என்றது மிளகுப்பொடி. கஞ்சக நறுமுறி என்றது கறிவேப்பிலையின் மணமுள்ள தளிர் என்று உரைகள் கூறும். அதோடு மாவடு ஊறுகாயும் சேர்கிறது.

கொஞ்சம் நிறுத்தி அந்த அடியைப் பாருங்கள். கொழுப்பில் வேகும் காய், மேலே மிளகு, அதில் கறிவேப்பிலை. இன்று நம் வாணலியில் நடப்பதேதான். 'நறுமுறி' என்ற சொல்லும் கவனிக்க வேண்டியது: முறி என்றால் தளிர், கொழுந்திலை. முற்றிய இலையைவிடத் தளிருக்கு மணம் என்பது அன்றே தெரிந்திருக்கிறது.

அப்படியானால் கறி = மிளகு. கறிவேப்பிலை என்றால் 'மிளகு வேப்பிலை'யா?

நல்ல கேள்வி, இந்த விளக்கத்தைச் சிலர் உறுதியாகவே சொல்கிறார்கள். சங்க நூல்களில் கறி மிளகுதான் என்பதில் ஐயமில்லை. அகநானூறு 149-ஆம் பாட்டில், முசிறிக்கு வரும் யவனர் கலங்கள் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்'. பட்டினப்பாலையில் 'கருங்கறி மூடை' காவிரிப்பூம்பட்டினத் தெருவில் கிடக்கிறது.

ஆனால் மேலே பார்த்த அடியை மறுபடி படியுங்கள். கறியும் கஞ்சகமும் ஒரே மூச்சில், அடுத்தடுத்து, இரண்டு தனிப் பொருள்களாக வருகின்றன. கறி மிளகாக இருந்த காலத்தில் இந்த இலையின் பெயர் கஞ்சகம். கறி என்பது உணவு வகையின் பெயராகப் பரவிய பிறகே கறிவேப்பிலை வழக்குக்கு வந்தது என்று கொள்வதே பொருந்தும். இலையில் மிளகின் காரமும் இல்லை. மிளகை வைத்துப் பெயரிட ஒரு காரணமும் தெரியவில்லை.

மலையாளம், தெலுங்கு, கன்னடத்திலும் கிட்டத்தட்ட இதே பெயர்தானே? யார் யாரிடமிருந்து எடுத்தார்கள்?

மலையாளத்தில் கறிவேப்பில, தெலுங்கில் கரிவேபாக்கு, கன்னடத்தில் கரிபேவு. தெலுங்கில் ஆக்கு என்றால் இலை. கன்னடத்தில் தமிழின் சொல்முதல் வகரம் பல சொற்களில் பகரமாக ஒலிக்கும். வேம்பு அங்கே பேவு. மூன்றிலும் பின்பாதி வேம்புதான் என்பதில் குழப்பமில்லை. ஒரே குடும்ப மொழிகளில் ஒரே ஒப்பீடு வழங்குவதால், ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்தார்கள் என்று கட்டாயமாகச் சொல்ல வேண்டியதில்லை.

முன்பாதியில்தான் சிக்கல். மலையாளம் வல்லின றகரத்தைக் காப்பாற்றி வைத்திருப்பதால் அங்கே 'கறி' தெளிவாக இருக்கிறது. இன்றைய தெலுங்கிலும் கன்னடத்திலும் ற என்ற தனி ஒலி வழக்கில் இல்லை, ரகரத்தோடு கலந்துவிட்டது. கன்னடத்தில் கரி என்றால் கருப்பு. ஆகவே கன்னடர் காதுக்கு இது கரிய வேம்பு.

மலையாளத்தில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. கறிவேப்பிலிருந்து பிரித்துக் காட்ட, கசப்பு வேம்பை அங்கே ஆரியவேப்பு என்கிறார்கள். கொச்சியை ஆண்ட டச்சு ஆளுநர் வான் ரீடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்த மலபார் தாவர நூலில் இந்த இரண்டு பெயர்களும் இரண்டு மரங்களுக்கு இடப்பட்டிருக்கின்றன. முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே இவை சோடிப் பெயர்கள்.

வடக்கே 'கடி பத்தா' என்கிறார்களே, அதில் வேம்பு இல்லையே?

அந்தப் பெயரில் இல்லை. கடி என்பது மோரும் கடலை மாவும் சேர்த்துச் செய்யும் குழம்பு; அதில் போடும் இலை கடி பத்தா. நம் 'கறி'யோடு ஒலி ஒத்திருந்தாலும் இந்திக்காரர் மனத்தில் அது அவர்கள் வீட்டுக் குழம்புதான்.

ஆனால் இந்தியில் மீட்டா நீம் என்றும், குஜராத்தியில் மீட்டோ லீம்டோ என்றும் பெயர்கள் உண்டு. இரண்டும் இனிய வேம்பு. சமஸ்கிருதத்தில் சுரபிநிம்பம், மணக்கும் வேம்பு. கிருஷ்ணநிம்பம், கரிய வேம்பு. எத்தனை மொழிகளில் மக்கள் இந்த இலையைப் பார்த்து வேம்பை நினைத்திருக்கிறார்கள் பாருங்கள். அடைமொழி மட்டும் மாறுகிறது: இனிப்பு, மணம், கருமை, கறி. கசப்பில்லை என்பதை ஒவ்வொரு மொழியும் தன் வழியில் சொல்லியிருக்கிறது. சிங்களத்தின் கரபிஞ்சா, அசாமியின் நரசிங்க போன்றவற்றில் வேம்பு இல்லை.

ஆங்கிலத்தில் 'கறி லீஃப்'. 'கறி' நம்மிடமிருந்து போன சொல்லா, அங்கிருந்து வந்ததா?

நம்மிடமிருந்து போனது. போர்த்துக்கீசியர் 'கரில்' என்று எடுத்துச் சென்றார்கள். இந்தியாவில் இருந்த லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரரின் பயணக் குறிப்பு 1598-இல் ஆங்கிலத்தில் வந்தபோது, சோற்றின்மேல் ஊற்றி உண்ணும் மீன்குழம்பைக் 'கேரியல்' என்று குறித்தது. 1747-இல் ஹன்னா கிளாஸ் எழுதிய ஆங்கிலச் சமையல் நூலில் இந்திய முறைக் கறிக்குச் செய்முறையே இடம்பெற்றுவிட்டது. 'கறி லீஃப்' என்பது நம் பெயரின் மொழிபெயர்ப்பு. மொழிபெயர்க்கும்போது வேம்பை மட்டும் விட்டுவிட்டார்கள்.

இதனால் ஒரு தவறான எண்ணம் பரவியது: வெளிநாட்டுக் கடைகளில் டப்பாவில் விற்கும் கறித்தூள் இந்த இலையை அரைத்தது என்று. அது மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம் போன்றவற்றின் கலவை. மணமும் வேறு.

வெளிநாட்டில் 'கறி பிளான்ட்' என்று வாங்கினேன். நம்ம ஊர் வாசமே இல்லை. ஏமாந்துவிட்டேனா?

நீங்கள் வாங்கியது மத்தியதரைக் கடல் பகுதியின் ஹெலிகிரைசம் என்ற சிறுசெடி. சாமந்தி, சூரியகாந்தியின் குடும்பம். இலை சாம்பல் வெள்ளையாக, ஊசி போல ஒல்லியாக இருக்கும், பூ மஞ்சள். கறித்தூளை நினைவூட்டும் ஒரு வாசம் அடிப்பதால் அந்தப் பெயர். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பெயர்தான் ஏமாற்றியது. கேட்கும்போது 'கறி லீஃப்' என்று கேளுங்கள். அறிவியல் பெயரைச் சொல்லிக் கேட்பது அதைவிடப் பாதுகாப்பு.

நம் ஊர் நாற்றங்காலிலும் ஒரு குழப்பம் உண்டு. வேலிக்கும் அழகுக்கும் வளர்க்கும் காமினிச் செடி கறிவேப்பிலைக்கு நெருங்கிய உறவு. கன்றாக இருக்கும்போது ஏமாற்றும். அதன் இணுக்கில் மூன்று முதல் ஒன்பது சிற்றிலைகளே இருக்கும். இலை தடித்துப் பளபளக்கும், பழம் சிவப்பு. ஐயம் இருந்தால் ஒரு சிற்றிலையைக் கசக்கி மோந்து பாருங்கள், மூக்குக்குத் தெரிந்துவிடும். 'செங்காம்பு' என்று கேட்டு வாங்கினால் காம்பைப் பாருங்கள்: அந்த வகையின் பெயரே காம்பின் செம்மையிலிருந்து வந்தது.

அறிவியல் பெயர் முர்ராயா கோனிகி. இதில் தமிழ் எங்கே?

சொல்லில் இல்லை, ஆனால் ஊரில் இருக்கிறது. கோனிகி என்பது யோஹான் கெர்ஹார்டு கோனிக் என்பவரின் பெயரால் வந்தது. அவர் தாவரவியலார் லின்னேயஸின் மாணவர். டேனியர் வசம் இருந்த தரங்கம்பாடிக்கு 1768-இல் மருத்துவராக வந்தவர். பிறகு ஆற்காட்டு நவாபிடமும் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் பணிசெய்து, 1785-இல் இந்தியாவிலேயே இறந்தார். ஐரோப்பியத் தாவரவியலில் நம் சமையலறை இலையின் பெயர் ஒரு தரங்கம்பாடி மருத்துவரை நினைவில் வைத்திருக்கிறது.

முன்பாதி, லின்னேயஸின் இன்னொரு மாணவரான யோஹான் ஆந்திரேயாஸ் முர்ரேயின் பெயர். அவர் ஜெர்மனியின் கேட்டிங்கனில் பேராசிரியராக இருந்தவர்.

சில இடங்களில் 'பெர்கெரா கோனிகி' என்று போட்டிருக்கிறது. எது சரி?

இரண்டும் ஒரே செடி. லின்னேயஸ் 1771-இல் முதலில் வைத்த பெயர் பெர்கெரா கோனிகி. 1825-இல் ஸ்பிரெங்கல் என்ற தாவரவியலார் இதை முர்ராயா என்ற பேரினத்துக்கு மாற்றினார். நம் பாடநூல்களில் நிலைத்தது அதுதான். அண்மைக் கால மரபணு ஆய்வுகள் இது காமினிச் செடியின் கிளையிலிருந்து தனித்து நிற்பதாகக் காட்டியதால் பல தாவரப் பட்டியல்கள் பழைய பெயருக்கே திரும்பிவிட்டன. விதையோ ஆய்வுக் கட்டுரையோ தேடும்போது இரண்டு பெயர்களிலும் தேடுங்கள்.

இதையெல்லாம் நானே அகராதியில் சரிபார்க்க வேண்டும் என்றால் எப்படித் தேடுவது?

அகர வரிசையில்தான் பலர் வழி தவறுகிறார்கள். தமிழ் மெய்வரிசை ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று போகிறது. ஆகவே கரி, கரு இரண்டும் முன்னால், 'கல்'லுக்கு முன்பே வந்துவிடும். கறி வெகுதூரம் தள்ளி, 'கள்' எல்லாம் முடிந்த பிறகு வரும். கரு பகுதியில் தேடிவிட்டு 'கறிவேப்பிலையே இல்லை' என்று மூடிவிடாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைச் சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது. தட்டச்சு செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

மூன்று இடங்களைப் பாருங்கள். முதலில் முழுச்சொல்: கறிவேப்பிலை. அடுத்து அடைமொழி தனியே: கறி, அதன் எல்லாப் பொருள்களும். பிறகு மாற்று வடிவம்: கருவேம்பு. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியில் வேம்பைத் தேடினால் பிற மொழி வடிவங்கள் ஒரே பதிவில் கிடைக்கும். ஒரு விளக்கம் அழகாக இருக்கிறது என்பதற்காக ஏற்காதீர்கள். எழுத்து ஒத்துப்போகிறதா, புணர்ச்சி ஒத்துப்போகிறதா, அண்டை மொழி ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முடி கருப்பாகும் கதை முதல் படியிலேயே விழுந்துவிடும்.

கடைசியாக: முதலில் இருந்தது கருவேம்பா, கறிவேப்பிலையா?

கருவேம்பின் பக்கம் கன்னடத்தின் கரிபேவும் கிருஷ்ணநிம்பமும் நிற்கின்றன. கறிவேப்பிலையின் பக்கம் தமிழ் எழுத்து வழக்கும், றகரத்தை ஒலித்துக் காட்டும் மலையாளமும் நிற்கின்றன. எங்கள் கருத்தில் ஒன்று திரிந்து மற்றொன்று ஆகவில்லை; இரண்டும் தனித்தனியாகப் பிறந்த பெயர்கள். சொற்களின் பின்பாதியைப் பாருங்கள். கருவேம்பு என்பது மரத்தின் பெயர். தூரத்தில் நின்று பட்டையையும் பழத்தையும் பார்த்தவர் வைத்தது. கறிவேப்பிலை என்பது இலையின் பெயர். அடுப்படியில் நின்றவர் வைத்தது. மரத்தைச் சொல்ல வேண்டும் என்றால் இன்றும் நாம் 'கறிவேப்பிலை மரம்' என்று இலையின் பெயரோடு மரத்தை ஒட்டவைக்க வேண்டியிருக்கிறது. வேப்பமரத்தை யாரும் 'வேப்பிலை மரம்' என்று சொல்வதில்லை.